மலிவு விலை லீவர் துப்பாக்கியும் என் மேலுதடும்

பிளம் கிரீக், நெப்ராஸ்கா
மே 27, செவ்வாய்க்கிழமை

அன்பிற்குரிய மைத்துனன் லாடிக்கு,

உன் அக்கா லியோனாவின் கணவனும், தானியக் கிடங்கின் எடைமேடையில் முப்பத்தேழு வருஷம் லாரிகளை நிறுத்துப் பார்த்துவிட்டு இப்போது தக்காளிச் செடிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவனுமாகிய எமில் எழுதுவது. இங்கே நான், உன் அக்கா, நாய் மூவரும் சுகம். சோளம் கணுக்கால் உயரம் வந்திருக்கிறது. மழை வேண்டிய அளவும் பெய்தது, வேண்டாத அன்றும் பெய்தது. அங்கே நீயும் ரூத்தும் மாடுகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முட்டிவலிக்கு உன் அக்கா ஒரு தைலம் அனுப்பச் சொன்னாள். அதை நானே என் முட்டிக்குத் தடவிக்கொண்டு தீர்த்துவிட்டேன், மன்னிக்கவும். நல்ல தைலம்.

உன் கடிதம் வந்தது. "அத்தான், மலிவு விலை லீவர் துப்பாக்கி ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். நீங்கள் ஏற்கெனவே வாங்கியிருப்பதாகக் கேள்வி. வாங்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் பதில் போடவும்" என்று எழுதியிருந்தாய். ஒரே வார்த்தையில் என்றால், கூடாது. ஆனால் ஒரு வார்த்தையை மட்டும் உறையில் போட்டு அனுப்பினால் தபால்காரருக்கே அவமானம் என்பதாலும், நடந்ததை யாரிடமாவது முழுசாகச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும் என்பதாலும், விவரமாக எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

எங்கள் சங்கத்தைப் பற்றி உனக்கு ஓரளவு தெரியும். மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு மேய்ச்சல் நிலத்தில் கூடி, ஆயிரத்து எண்ணூற்று எண்பதுகளில் வாழ்ந்தவர்கள் மாதிரி உடுத்திக்கொண்டு, பழைய மாதிரித் துப்பாக்கிகளால் இரும்புத் தகடுகளைச் சுட்டுத் தள்ளுவோம். ஆளுக்கொரு பட்டப்பெயரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதினோரு வருஷத்துக்கு முன்னால், பெரிய நம்பிக்கையோடு, நான் பதிவு செய்துகொண்ட பெயர் 'தப்பாத தோட்டா'. அதற்குப் பிறகு நடந்த பதினோரு ஆண்டுப் போட்டிகளிலும் நான்தான் கடைசி. கைத்துப்பாக்கியும் ரைபிளும் எனக்கு ஓரளவு பேச்சுக் கேட்கும். கவிழ்ப்பது இரட்டைக்குழல் துப்பாக்கிதான். இரண்டு சுட்டதும் அதை ஒடித்துத் திறந்து, பழைய ஓடுகளை எடுத்து, புதுத் தோட்டா இரண்டைப் போட வேண்டும். அந்த நேரத்தில் என் விரல்களுக்கு என்னவோ ஆகிவிடும். தோட்டாக்கள் காலடியில் கொட்டும். நான் குனிவேன், தொப்பி விழும். தொப்பியை எடுப்பேன், மூக்குக்கண்ணாடி விழும். இதற்குள் மற்றவர்கள் சுட்டு முடித்துக் காபியும் குடித்துவிடுவார்கள். அப்போதுதான் நீ பார்த்த அதே விலைப்பட்டியலை நானும் பார்த்தேன். பழைய காலத்து லீவர் துப்பாக்கியின் நகல், கடல் கடந்து வந்தது. அசல் ஒன்றின் விலைக்கு இதில் ஐந்து வாங்கலாம். விசைக்குக் கீழே இருக்கும் வளையத்தை முன்னால் தள்ளிப் பின்னால் இழுத்தால் போதும், பழைய ஓடு தானே வெளியே பறக்கும், புதியது தானே உள்ளே போகும். என் குறைகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு யாரோ எனக்காகவே செய்த மாதிரி இருந்தது.

வாங்கப் போகிறேன் என்று பேக்கரியில் வாய்விட்டேன். அதுதான் தப்பு. பக்கத்து மேசையில் நார்பர்ட் உட்கார்ந்திருந்தான். நார்பர்ட்டை உனக்குத் தெரியும், என் கல்யாணத்தில் கேக் மேல் உட்கார்ந்தவன். சங்கத்தில் அவன் பெயர் 'இடிமுழக்கம்'. அவனுடைய இரட்டைக்குழல் இத்தாலியில் செய்தது, அவன் வீட்டில் அதற்குத் தனியாக ஒரு மெத்தை உண்டு.

"என்னடா எமில், அந்த மலிவு சரக்கையா வாங்கப் போறே?" என்றான்.

"விலை கம்மின்னா வெடிக்காதா?"

"வெடிக்கும். முதல் தடவை நல்லா வெடிக்கும். ரெண்டாவது தடவைக்கு மனு எழுதிப் போடணும்."

"நார்பர்ட், உன் துப்பாக்கிக்கு நீ தாலாட்டுப் பாடுறவன். நீ பேசாதே."

"சரி, அதையே வச்சுக்கிட்டு வா. இந்த வருஷமும் நீதான் கடைசி. எழுதி வச்சுக்கோ."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து நின்று, பேக்கரி முழுக்கக் கேட்கும்படி, "இந்தத் தடவை நான் கடைசியா வந்தா மீசையை எடுத்துடறேன்!" என்று சொல்லிவிட்டேன். "வரலேன்னா என் மீசையை நான் எடுத்துடறேன்" என்று அவனும் எழுந்து கை நீட்டினான். கசகசா ரொட்டியை வாய் நிறைய வைத்துக்கொண்டிருந்த உன் அக்கா, அதை விழுங்கக்கூடக் காத்திராமல், "நான் சாட்சி, நான் சாட்சி" என்றாள்.

லாடி, அந்த மீசை என்ன சாதாரண மீசையா? நாற்பத்து மூன்று வருஷ மீசை. இரண்டு முனையும் மெழுகு போட்டு மேல்நோக்கிச் சுருட்டியது. உன் அக்காவைக் கல்யாணம் செய்து நாற்பது வருஷம்தான் ஆகிறது. என் மேலுதடு எப்படி இருக்கும் என்று அவளே பார்த்ததில்லை, எனக்கே மறந்துவிட்டது. லாரிக்காரர்கள் என்னை அடையாளம் சொல்வதே அதை வைத்துத்தான். அந்த மீசை இப்போது ஒரு நகல் துப்பாக்கியின் கையில் இருந்தது.

பெட்டி டிசம்பரில் வந்தது. கட்டையில் யாரோ தேநீரைக் கொட்டித் துடைத்த மாதிரி ஒரு நிறம். வளையத்தை முன்னால் தள்ளினேன், பாதியில் நின்றது. பலம் கொடுத்துத் தள்ளினேன், கடகடவென்று முழுசாகப் போய், திரும்பி வரும்போது என் விரல் முட்டிகளின் தோலையும் எடுத்துக்கொண்டு வந்தது. அதன் ஓரங்கள் தகர டப்பா மூடி மாதிரி இருந்தன. இதற்குத் தோல் வார் சுற்ற வேண்டும் என்று சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும், எனக்குத்தான் மூன்று நாள் கட்டுப் போட்ட பிறகு தெரிந்தது. உன் அக்கா என் பழைய பூட்ஸின் வாரை உருவி அழகாகச் சுற்றிக் கொடுத்தாள். பிறகு உள்ளே இருக்கும் சொரசொரப்பைத் தேய்த்துச் சரி செய்யலாம் என்று சாப்பாட்டு மேசையில் மொத்தத்தையும் பிரித்தேன். பிரிக்கிற வரைக்கும் நன்றாகத்தான் போனது. ஒரு ஸ்பிரிங் பாய்ந்து குளிர்பெட்டிக்கு அடியில் போய், அதை நாய் எனக்கு முன்னால் கண்டுபிடித்து, நான் நாயைக் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி நிமிர்ந்தபோது மேசைமேல் ஒரு சின்னக் கறுப்பு உருளை மிச்சம் இருந்தது. மூன்று முறை மறுபடி பிரித்தேன், மூன்று முறையும் அது மிஞ்சியது. நாலாவது நாள் காபி இயந்திரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தபோதுதான், அது அதன் கால் என்று தெரிந்தது.

குளிர்காலம் முழுக்கக் கூடத்தில் பயிற்சி. அதற்காகச் சுட்டு முடித்த பழைய சிவப்பு ஓடுகளில் மருந்துக்குப் பதில் மணலை நிரப்பி, வெடிக்காத பயிற்சித் தோட்டாக்களை நானே செய்தேன். நிஜத் தோட்டாவோடு கலந்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றின் அடியிலும் கறுப்பு மையால் புள்ளி வைத்தேன். இப்படிப்பட்ட விஷயங்களில் நான் ஜாக்கிரதையானவன். தொலைக்காட்சியில் வானிலைக்காரர் பனிப்புயலைக் காட்டும்போதெல்லாம் நான் புயலைக் குறிபார்த்து டிக், சடக், டிக், சடக் என்று பழகுவேன். "நீ சுட்டும் புயல் நிக்கலையே எமில்" என்று உன் அக்கா கிண்டல் செய்தாலும், ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு தினமும் கூட உட்கார்ந்தாள். ஏப்ரலில் நாலு தோட்டாவை ஏழு வினாடியில் முடித்தேன். வெளியே போய் நிஜத் தோட்டாக்களையும் சுட்டேன். ஐம்பது சுட்டதில் ஐம்பதும் வெடித்தன. இதை ஞாபகம் வைத்துக்கொள். வீட்டில் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு சபையில் மானத்தை வாங்கும் ரகம் இது.

போன சனிக்கிழமை போட்டி. காலையில் உன் அக்கா எனக்கு முன்னால் எழுந்து, என் கறுப்புக் கோட்டைத் தேய்த்து, மீசைக்கு மெழுகு போட்டு, தோட்டாப் பட்டியையும் அவளே நிரப்பி இடுப்பில் கட்டிவிட்டாள். நாற்பது வருஷத்தில் அப்படி ஒரு கவனிப்பை நான் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போட்டி நடத்துபவள் டோலரஸ். முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள், அவள் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்குப் பிறகு வந்த எந்தப் பொருளும் மைதானத்தில் கண்ணில் படக் கூடாது என்பது அவள் சட்டம். சுடும் முன் ஒவ்வொருவரும் அவள் எழுதிக் கொடுத்த வசனத்தை உரக்கச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் டைமர் ஒலிக்கும். இந்த வருஷ வசனம், "என் பன்னியைத் திருப்பிக் குடு, இல்லேன்னா நடக்குறதே வேற!" நான் அதைச் சொன்ன வேகத்தில் பக்கத்துப் பண்ணைக்காரர் வேலிப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்.

கைத்துப்பாக்கி, ரைபிள் இரண்டிலும் ஒன்றுகூடத் தவறவில்லை. லீவர் துப்பாக்கியை எடுத்தேன். டமார், தகடு விழுந்தது. சடக். பழைய ஓடு என் தோளுக்கு மேலாகப் பறந்து, நேராக டோலரஸின் காபிக் குவளைக்குள் போய் விழுந்தது. கூட்டம் கைதட்டியது. டமார், இரண்டாவது தகடும் விழுந்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக நான் நேரத்துக்கு முன்னால் இருந்தேன், லாடி. மூன்றாவதை இழுத்தேன். டிக்.

சில தோட்டாக்கள் தாமதமாக வெடிக்கும் என்பதால், டிக் என்று கேட்டால் துப்பாக்கியைத் தகடுகளின் பக்கமே நீட்டிப் பிடித்துக்கொண்டு முப்பது வினாடி அசையாமல் நிற்க வேண்டும் என்பது எங்கள் சங்கத்தின் விதி. டைமர் மட்டும் நிற்காது. "ஒண்ணு... ரெண்டு..." என்று டோலரஸ் எண்ண ஆரம்பித்தாள். நான் ஊர் நடுவில் வைத்த சிலை மாதிரி நின்றேன். முப்பது ஆனதும் இழுத்தேன், அடுத்தது. டிக். "ஒண்ணு... ரெண்டு..." என்றாள் டோலரஸ். இந்தத் தடவை கூட்டமும் சேர்ந்து எண்ணியது. ஒரு குருவி வந்து தகட்டின்மேல் உட்கார்ந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனது.

வெளியே விழுந்த தோட்டாவை நார்பர்ட் எடுத்து, அடியைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினான். அங்கே லேசாக ஒரு குழி இருந்தது.

"பாருங்கப்பா, சுத்தி தட்டியிருக்கு, ஆனா பலமா தட்டலை. ஸ்பிரிங் சோப்ளாங்கி. நான்தான் சொன்னேனே, மனு எழுதிப் போடணும்னு."

"வாயை மூடு நார்பர்ட்" என்று உன் அக்கா சீறினாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

போட்டியின் நாலு கட்டங்களிலும் சேர்த்து மொத்தம் ஒன்பது டிக். போட்டியில் முதலாவதாக வந்தவர் எல்லாக் கட்டத்தையும் சேர்த்து முடிக்க எடுத்துக்கொண்டது இரண்டரை நிமிஷம். நான் சும்மா நின்ற நேரம் மட்டும் நாலரை நிமிஷம். விழாத தகடுகளுக்கான அபராத வினாடிகள் தனி. இருபத்து மூன்று பேரில் இருபத்து மூன்றாவது. இருபத்திரண்டாவதாக வந்தவர் ஒரு கையில் மாவுக்கட்டோடு சுட்டார்.

நான் வார்த்தை மாறுகிறவன் இல்லை. புல்வெளி நடுவில் மர நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "எடுத்துக்கோ" என்றேன். நார்பர்ட் சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சவரக்கருவியை எடுத்தான். டோலரஸ் விசிலை ஊதினாள்.

"அது எந்த வருஷத்துச் சாமான்? உள்ளே வை! இங்க சவரம்னா மடக்குக் கத்திதான்."

யாரோ தாத்தா காலத்து மடக்குக் கத்தி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதைத் திறந்த நார்பர்ட், எந்தப் பக்கத்தைப் பிடிப்பது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தான். "டேய், எமில், காது கீது போயிட்டா என்னைத் திட்டாதே" என்றான். எனக்கு மீசை போவதைப் பற்றி இருந்த கவலை போய், மூக்கைப் பற்றிய கவலை வந்துவிட்டது. அப்போது உன் அக்கா பாவாடையை லேசாகத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து, "குடு இங்க" என்று கத்தியை வாங்கினாள். சோப்பு நுரையைப் பூசினாள். நாலே இழுப்பு. ஒரு கீறல் இல்லை. நாற்பத்து மூன்று வருஷம் என் மடியில் விழுந்தது.

அழுதுவிடுவேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த நேரம் பார்த்துக் காற்று வீசியது, லாடி. மேலுதட்டில் காற்று படுவது எப்படி இருக்கும் என்று எனக்கு மறந்தே போயிருந்தது. அறுபத்தொன்பது வயதில் உடம்பில் ஒரு புது இடம் கிடைத்த மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை. உன் அக்கா கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். போட்டிக்கு வாசிக்க வந்திருந்த அக்கார்டியன்காரர், ஜோடியாக ஆடும் போல்கா நடனப் பாட்டை வாசிக்க ஆரம்பித்தார். நான் தொப்பியைக் கழற்றி, "அம்மா, என்கூட ஒரு ஆட்டம் ஆடுறீங்களா?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரர் பார்த்தா வம்பு" என்றாள்.

"எப்படி இருப்பார்?"

"பெரிய மீசை வச்சிருப்பார்."

"அப்படி ஒருத்தர் இங்க இல்லையே!"

ஐந்து ஆட்டம் ஆடினோம். முட்டி வலித்தது, நான் நிறுத்தவில்லை. நார்பர்ட் வந்து, "டேய், உனக்குப் பத்து வயசு குறைஞ்சிடுச்சுடா" என்று கொஞ்சம் பொறாமையோடு சொன்னான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாதிரியார் என்னை வெளியூர்க்காரன் என்று நினைத்து வரவேற்றார். நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன், இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கும் அந்தத் துப்பாக்கிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. வளையம் முட்டியைத் தின்னும். கட்டை அழகில்லை. எல்லாவற்றுக்கும் மேல், வேண்டிய நேரத்தில் வெடிக்காது. நூற்றுக்குத் தொண்ணூறு தடவை வெடித்து, உன் மானம் தொங்கிக்கொண்டிருக்கும் அந்தப் பத்துத் தடவை மட்டும் டிக் என்று சொல்லும் துப்பாக்கியை நம்பி வாங்காதே. இரட்டைக்குழலே போதும். என்னுடையதைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

ரூத்துக்கு என் அன்பைச் சொல். உன் மாடுகள் பெருகவும், உன் முட்டி மடங்கவும், நீ செய்யும் எந்தப் பந்தயத்திலும் உன் முகத்தின் எந்தப் பகுதியும் பணயமாகாமல் இருக்கவும் வேண்டிக்கொள்ளும்,

உன் அத்தான்,
எமில்

பின்குறிப்பு: தம்பி லாடி, இது உன் அக்கா எழுதுறது. ஒட்டித் தபால்ல போடச் சொல்லி எமில் இதை என்கிட்ட குடுத்துட்டுத் தக்காளிக்குத் தண்ணி ஊத்தப் போயிருக்கான். மேலே எழுதியிருக்கிறதுல ஆட்டம் ஆடினது மட்டும் நிஜம். மத்ததை நம்பாதே.

துப்பாக்கி தங்கமான துப்பாக்கி. அன்னைக்கு அதுல போட்ட நிஜத் தோட்டா அத்தனையும் வெடிச்சுது. வெடிக்காத ஒன்பதும் எமில் மணல் நிரப்பின பயிற்சித் தோட்டா. அவன் வச்ச கறுப்புப் புள்ளியை நகப்பூச்சு அழிக்கிற தண்ணியால துடைச்சு, பட்டியில நடுநடுவே சொருகினது நான். நார்பர்ட் ஊருக்கே காட்டினானே ஒரு குழி, அது அந்த ஓடு முன்ன ஒரு தடவை வெடிச்சப்பவே விழுந்த பழைய குழி. அவன் பெரிய நிபுணன்!

பாவம்னு நினைக்காதே. நாற்பது வருஷமா நான் ஒரு விளக்குமாத்துக்கு முத்தம் குடுத்திருக்கேன். சூப்பு குடிச்சா அரை மணி நேரம் அது சொட்டும். எடுத்துடுன்னு எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தாச்சு, கேக்கலை. அன்னைக்கு அவனே ஊர் நடுவுல வாயைக் குடுத்தப்ப, விடுவேனா? குளிர்காலம் பூரா கராஜ்ல உட்கார்ந்து, தோல் மேல பூனைமுடி இருக்கிற பீச் பழத்தைச் சவரம் பண்ணிப் பழகினேன். இருபது பழம் பாழ். உள்ளே ஒரு நல்ல முகம் இருக்கும்னு எனக்குத் தெரியும், ஆனா இவ்வளவு நல்லா இருக்கும்னு தெரியாது. காலையில காபி குடிக்கும்போது திருட்டுத்தனமாப் பார்த்துக்கிட்டே இருக்கேன்.

அதனால நீ தாராளமா அந்தத் துப்பாக்கியை வாங்கு. வாங்கச் சொல்லி உனக்கு முதல்ல யோசனை சொன்னது யாருன்னு ஒரு தடவை நினைச்சுப் பாரு. ரூத் போன வாரமே எனக்குப் போன் பண்ணினா, உன் தாடி விஷயமா. இப்ப அவ பதினாலாவது பீச் பழத்துல இருக்கா.